நரம்பு மாதிரி இருந்தது

கடந்த மே மாதம் கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். ஒரு சால்வை, ஒரு பழக்கூடை, ஒரு சுவர்க் கடிகாரம். இனிமேல் மணி பார்க்க அவசியமே இல்லாத ஒருவனுக்குக் கடிகாரம் கொடுப்பவர்களின் நகைச்சுவை உணர்ச்சியை நான் மதிக்கிறேன். அடுத்த வாரமே பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். ஸ்டெம் செல் ஆராய்ச்சியில் அவளுக்கு போஸ்ட்டாக் வேலை கிடைத்திருந்தது.

“சார், நீங்களும் போஸ்ட்டாக் பண்ணீங்கல்ல? அங்க என்ன சார் கண்டுபிடிச்சீங்க?”

“ஒண்ணு கண்டுபிடிச்சேன்மா. அப்புறம் அப்படி ஒண்ணும் இல்லேன்னு கண்டுபிடிச்சேன். ரெண்டாவதுக்குத்தான் ரொம்ப சிரமப்பட்டேன்.”

அவள் மரியாதைக்காகச் சிரித்தாள். பிறகு, “எழுதிக் குடுங்க சார், எங்க பேட்ச் ஆளுங்க படிப்பாங்க” என்றாள். ஓய்வு பெற்றவனிடம் எதையாவது எழுதித் தரச் சொல்வது, தண்ணீர் லாரியிடம் சொட்டுத் தண்ணீர் கேட்பது மாதிரி. இதோ.

போஸ்ட்டாக் என்பது முனைவர் பட்டத்துக்கும் வேலைக்கும் நடுவே உள்ள காத்திருப்போர் அறை. வண்டி வரும் என்ற நம்பிக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பதற்குக் கொஞ்சம் சம்பளமும் உண்டு. என்னோடு படித்தவர்கள் முப்பது வயதுக்குள் அந்த அறையைக் கடந்துவிட்டார்கள். நான் தலைப்பிரட்டையின் வாலை வெட்டினால் அது எப்படித் திரும்ப முளைக்கிறது என்று பட்டத்துக்காக ஆராய்ந்தேன். வால் சீக்கிரம் முளைத்துவிடும். ஆய்வேடு முளைக்கத்தான் வருடக்கணக்கானது. பிறகு சில தற்காலிக விரிவுரையாளர் வேலைகள், ஒரு நிரந்தரக் கல்யாணம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் ஆய்வகத்தில் போஸ்ட்டாக்காகச் சேர்ந்தபோது எனக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்டெம் செல் என்றால் இன்னும் என்னவாக ஆகப்போகிறோம் என்று முடிவு செய்யாத செல். அதன் மேல் எனக்குத் தனிப் பாசம் ஏற்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

அது 2000-களின் நடுப்பகுதி. ஸ்டெம் செல் என்ற சொல் வாரப் பத்திரிகைகளில் ராசிபலனுக்குப் பக்கத்துப் பக்கத்தில் வரத் தொடங்கியிருந்த காலம். எங்கள் முதலாளியை எல்லாரும் எம்.டி. என்போம். இரும்புக் கம்பி உருட்டும் ஆலை வைத்திருந்தவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். யாரைப் பார்த்தாலும், வயது வித்தியாசம் பாராமல் ‘நைனா’ என்பார். யாரோ டாக்டர் நண்பர், வரப்போகும் காலம் ஸ்டெம் செல்லுடையது என்று கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறார். பாயசம் வருவதற்குள் எம்.டி. முடிவெடுத்துவிட்டார். கம்பி ஆலையை ஒட்டி ஒரு மாடிக் கட்டடம். கீழே, பணம் கட்டுகிறவர்களின் பிள்ளைகளுடைய தொப்புள்கொடி ரத்தத்தை உறைய வைத்துப் பாதுகாக்கும் வியாபாரம். மேலே ஆராய்ச்சி. மேல்தளம் கீழ்தளத்தின் சம்பாத்தியத்தில் வாழ்ந்தது, மூத்த பிள்ளையின் சம்பளத்தில் கவிதை எழுதும் இளையவன் மாதிரி.

பக்கத்து ஆலையில் உருளை ஓடும்போது எங்கள் மைக்ராஸ்கோப் நடுங்கும். செல்களும் சேர்ந்து நடுங்கும். எம்.டி. விருந்தாளிகளை அழைத்து வந்து, “பாத்தீங்களா, எப்டி துடிக்குது! அத்தனையும் உசுரு!” என்பார். துடித்தது அவருடைய ஆலைதான். யாரும் அவரைத் திருத்தியதில்லை. செல்களுக்குக் கார்பன் டை ஆக்ஸைடு வேண்டும். அந்த சிலிண்டரைக் கொண்டுவந்து போடுகிறவர்தான் கவரைப்பேட்டையில் கோலி சோடா போடுகிறவருக்கும் போட்டார். சோடா தீர்ந்துபோகும் கோடையில் எங்கள் செல்களும் மூச்சுக்குத் தவிக்கும்.

எனக்கு மேலதிகாரி டாக்டர் ஜமீலா. என்னைவிட மூன்று வயது இளையவர். பழவேற்காட்டில் கருவாடும் இறாலும் வியாபாரம் செய்யும் குடும்பம். வெளிநாட்டில் படித்துவிட்டு, வீட்டுக்குப் போய்வர வசதியாக இருக்கும் என்பதற்காகவே இந்த வேலைக்கு வந்ததாகச் சொல்வார். நான் அவரை ‘மேடம்’ என்பேன். வயதுக்கு மரியாதை தந்து அவர் என்னை ‘சார்’ என்பார். இப்படி நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் உயரத்தில் ஏற்றிவைத்துக்கொண்டு வேலை பார்த்தோம்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மூக்குக் கண்ணாடியைத் தலைத்துணிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, எதைச் சொன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “எதோட வெச்சுப் பாக்கும்போது?”

ஒரு நாள் கேன்டீனில் நான், “இன்னிக்கு சாம்பார் நல்லா இருக்கு மேடம்” என்றேன்.

“எதோட வெச்சுப் பாக்கும்போது?”

“நேத்து சாம்பாரோட.”

“நேத்து நீங்க லீவு சார்.”

அறிவியலில் இதற்கு கன்ட்ரோல் என்று பெயர். ஒரு மருந்து வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டுமானால், மருந்து போடாத இன்னொரு தட்டு செல்களையும் பக்கத்திலேயே வளர்த்துக் காட்ட வேண்டும். அந்தப் போடாத தட்டுதான் கன்ட்ரோல். எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மேடத்துக்கு அது தெரிந்த விஷயமாக இல்லாமல் சுபாவமாக இருந்தது. மாப்பிள்ளை நல்ல பையன் என்று யாராவது சொன்னால்கூட அவர் வாய் திறக்கப் பார்த்துவிட்டு மூடிக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன்.

செல்களைக் கையாளும் விதத்தை அவரிடம் பார்க்க வேண்டும். முழங்கை வரை ஸ்பிரிட். காற்று வடிகட்டி ஓடும் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கைகள் மட்டும். பேச்சு கிடையாது, தும்மலுக்கு வெளியே போக வேண்டும். செல்களுக்கான சத்து நீர் நன்னாரி சர்பத் நிறத்தில் இருக்கும். மஞ்சளாக மாறினால் பசிக்கிறது என்று அர்த்தம். குடுவையின் அடியில் ஒட்டி வளரும் செல்களைப் பிரித்து வேறு குடுவைக்கு மாற்றும்போது, பிரிக்கும் திரவத்தை ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருப்பார். நீளமாகப் படுத்திருந்த செல்கள் ஒவ்வொன்றாகக் கால்களை மடக்கி உருண்டையாகும். அப்போது குடுவையின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு. பால் குடித்த குழந்தையை ஏப்பத்துக்குத் தட்டுவதற்கு மேல் அதில் விசை இருக்காது. எல்லா செல்களும் விலகி மிதக்கும். நான் தட்டினால் பாதி ஒட்டிக்கொண்டிருக்கும், மீதி செத்துப்போகும். “கதவத் தட்டுறீங்க சார், கடன்காரன் மாதிரி” என்பார்.

செல்கள் எங்களுக்குத் தொப்புள்கொடியிலிருந்து கிடைத்தன. கொடிக்குள் ரத்தக் குழாய்களைச் சுற்றி நுங்கு போல ஒரு பசை இருக்கும். அதில்தான் அவை இருக்கின்றன. பொன்னேரியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் பெற்றோரிடம் கேட்டு வாங்கி வருவோம். கேட்பதும் சுலபமில்லை. எங்கள் பக்கம் குழந்தையின் கொடியைக் காயவைத்துத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுகிற வழக்கம் உண்டு. “தாயத்துக்குள்ளது குழந்தையோடவே இருக்கும்ங்க, நாங்க கேக்கறது வெட்டிப் போடற மிச்சத்த” என்று ஒவ்வொரு அப்பாவுக்கும் விளக்குவேன். ஓர் அப்பா நன்றாக யோசித்துவிட்டு, “அப்போ எங்களுக்கு ஒண்ணு, கெவுர்மெண்டுக்கு ஒண்ணு. அப்டித்தானே சார்?” என்றார். நான் அரசாங்கம் இல்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

கொண்டுவருவதற்கு வேன் இருந்தது, டிரைவர் தாஸ் இருந்தார். ஆனால் ஆடி மாதம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் எம்.டி. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பெரியபாளையத்து பவானி அம்மனுக்குப் போய்விடும். ஆடி ஞாயிறுகளில் பிறந்த பிள்ளைகளின் கொடி எல்லாம் என்னோடு மின்சார ரயிலில்தான் வந்தது. மடியில் ஐஸ் பெட்டி. ஒரு முறை கூடைகளோடு ஏறிய மீன்காரம்மாக்கள் என்னைச் சூழ்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

“இன்னா மீனு சார், இவ்ளோ பத்தரமா கொண்டாற?”

“மீன் இல்லம்மா.”

“எறாலா?”

“இல்லம்மா. ஆஸ்பத்திரி சாமான்.”

“பொய் சொல்றாரு பாரு. எங்க யாவாரத்துல கை வெக்கறதுக்கு வந்துகீறாரு. தெற சார், வெல சொல்றோம்.”

அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி வேறு பெட்டிக்கு மாறினேன். என் ஆராய்ச்சிக்கு வந்த முதல் வணிக ஆர்வம் அதுதான்.

தாஸுக்குச் சொந்த ஊர் ஆரம்பாக்கம். அவருடைய தம்பி சேகர் பக்கத்துக் கம்பி ஆலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு நாள் மேலிருந்து விழுந்தான். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இல்லை. நான் அவனை அறிந்தது என் செல்போனால். சத்து நீரில் விழுந்த போனைத் தாஸ் எடுத்துப்போய்த் தம்பியிடம் கொடுத்தார். ஆலையில் கிடைத்த இழப்பீட்டில் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பெட்டிக்கடை அளவுக்கு இடம் பிடித்து, அவன் செல்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாங்கப் போனபோது கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“நீதான் டாக்டரா சார்?”

“டாக்டர்தான். ஆனா ஊசி போடத் தெரியாது.”

“பரவால்ல சார். எனுக்கு ஊசி போட்டவனுக்கெல்லாம் வேற ஒண்ணும் தெரில.”

அன்றிலிருந்து எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. என் போன் அடிக்கடி கெட்டுப்போக ஆரம்பித்தது.

இப்போது கண்டுபிடிப்புக்கு வருகிறேன். தொப்புள்கொடி செல்லை நரம்புச் செல்லாக மாற்ற முடியுமா என்பதுதான் என் வேலை. அந்தக் காலத்தில் ஒரு செய்முறை துறையில் சுற்றிக்கொண்டிருந்தது. சில ரசாயனங்களைச் சேர்த்தால் சில மணி நேரத்தில் செல் நரம்பாகிவிடும் என்றார்கள். அதில் ஒரு திரவத்தின் நாற்றம், அழுகிய முட்டையை எரிந்த ரப்பரில் வதக்கியது மாதிரி இருக்கும். வேறு ஊராக இருந்தால் அக்கம்பக்கத்தார் போலீசுக்குப் போயிருப்பார்கள். தொழிற்பேட்டையில் யாரும் மூக்கைக்கூடத் தொடவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் அடுத்த கம்பெனியைச் சந்தேகித்தது.

காலையில் போட்டேன். மதியச் சாப்பாடு முடிந்து வந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நூல் நூற்கும் கதிர் வடிவத்தில் தட்டையாகப் படுத்திருந்த செல்கள் இல்லை. நடுவில் பளபளவென்று உருண்டையாக ஒரு உடல், அதிலிருந்து நாலா பக்கமும் மெல்லிய கிளைகள், கிளை நுனியில் இன்னும் மெல்லிய கிளைகள். பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் நரம்புச் செல் படம் எப்படி இருக்குமோ அப்படியே. மருந்து போடாத தட்டு செல்கள் பழையபடியே சோம்பேறித்தனமாகப் படுத்திருந்தன. நரம்புக்கு அடையாளமான ஒரு புரதத்துக்குச் சாயம் போட்டுப் பார்த்தேன். சாயமும் பிடித்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம், “நமக்கு இனிமே கஷ்டம் இல்ல” என்றேன். அவள், “யார் சொன்னது?” என்று கேட்டாள். அவளும் ஒரு வகையில் கன்ட்ரோல்தான்.

எம்.டி. மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிர வெகு நேரம் ஆயிற்று. நிமிர்ந்து என்னைக் கட்டிக்கொண்டார். “நைனா! டப்பு போட்டது வீண் போகல நைனா!” தொழிற்பேட்டை முழுக்க லட்டு போயிற்று. நான் எடுத்த புகைப்படத்தைக் கதவு அளவுக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். போஸ்ட்டாக் என்கிற ஒட்டுத்திண்ணை வேலையை எடுத்துவிட்டு எனக்கு நிரந்தர விஞ்ஞானி பதவி என்று அறிவித்தார். அதோடு நிற்கவில்லை. தெரிந்த ஆஸ்பத்திரி ஒன்றோடு பேசி, முதுகெலும்பு அடிபட்டவர்களுக்கு இந்தச் செல்லை ஊசியில் ஏற்றுவது என்று திட்டம் போட்டார்.

“முதல் ஊசி நம்ம பையனுக்கு. நம்ம மில்லுல வுழுந்தவன். நம்மளே எழுப்பி நிக்க வெப்போம்.”

சேகரைத்தான் சொன்னார். அந்த மனிதர் அதை மனதார விரும்பினார் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. தாஸ் அந்தப் படத்தின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதைப் பார்த்தேன். அவர் மனைவி பெரியபாளையத்துக்கு வேப்பிலை கட்டிக்கொண்டு வருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். சேகர் மட்டும் என்னிடம், “நடந்துட்டேன்னா இந்த வண்டிய இன்னா பண்றது சார்? நல்ல வண்டி” என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் கேட்கும்போது கண் என் முகத்தை விட்டு நகரவில்லை.

ஜமீலா மேடம் லட்டைச் சாப்பிட்டார். படத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றினார்.

“நல்லா இருக்கு சார். எதோட வெச்சுப் பாக்கும்போது?”

“மருந்து போடாத தட்டோட மேடம். போட்டிருக்கேனே, கன்ட்ரோல்.”

“அது மருந்து செல்ல மாத்துதான்னு சொல்லும். நரம்பா மாத்துதான்னு சொல்லாது. நரம்பாகவே முடியாத செல்லுக்கு இதே மருந்தப் போட்டா என்ன ஆகும்?”

“எந்த செல் மேடம்?”

“தோல்.”

மனிதத் தோல் செல்லுக்கு எங்கே போவது? உலகம் முழுக்க ஆய்வகங்கள் இதற்குச் சின்னப் பையன்களுக்குச் செய்யும் ஒரு அறுவைச் சிகிச்சையில் மிஞ்சும் தோலைத்தான் பயன்படுத்துகின்றன. மேடம் யோசித்துவிட்டு, கொஞ்சமும் சங்கடப்படாமல், “அடுத்த வெள்ளிக்கிழமை எங்க அண்ணன் பையனுக்கு சுன்னத் கல்யாணம். நீங்க வாங்க சார். சாப்பாடும் ஆச்சு, சாம்பிளும் ஆச்சு” என்றார்.

அப்படித்தான் நான் பழவேற்காட்டில் ஒரு விருந்துக்கு, கையில் சத்து நீர் நிரப்பிய ட்யூபோடு போய் இறங்கினேன். டாக்டர் வீட்டுக்கே வந்து செய்தார். மேடத்தின் அண்ணன் விஷயத்தை முன்பே கேட்டுச் சம்மதித்திருந்தார். ஆனாலும் வாசலில் என்னைப் பார்த்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

“வாங்க வாங்க. கவரு எடுத்துகினு வர்ற விருந்தாளிய பாத்துகீறேன், பரிசு எடுத்துகினு வர்றவர பாத்துகீறேன். எடுத்துகினு போறதுக்கு ட்யூபோட வர்றவர இப்பதாங்க பாக்கறேன். மொதல்ல சாப்புடுங்க. பிரியாணி ஆறிடும். அது எங்கயும் போயிடாது.”

சாப்பிட்டேன். அந்த பிரியாணியை எதோடு வைத்துப் பார்த்தாலும் நன்றாகத்தான் இருந்தது.

தோல் செல்கள் வளர்ந்து குடுவையை நிறைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. அதுவரை எம்.டி. தினமும், “எப்போ நைனா?” என்றார். தாஸ் கேட்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினார். அந்த நாட்களில் நான் வேண்டிக்கொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்: தோல் செல்லுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. என் பதவிக்காகவா, சேகருக்காகவா என்று பிரித்துப் பார்க்கவில்லை. வசதியாக இரண்டும் ஒன்றாக இருந்தன.

அதே மருந்து, அதே அளவு. இந்த முறை மேடம் சாப்பாட்டுக்குப் போக விடவில்லை. இருவரும் மைக்ராஸ்கோப்பின் இரண்டு பக்கம் உட்கார்ந்து மாறி மாறிப் பார்த்தோம். மதியத்துக்குள் அண்ணன் பையனின் தோல், அழகான நரம்பாகிவிட்டது. உருண்டை உடல், கிளைகள், கிளைகளின் கிளைகள். சாயமும் பிடித்தது. மேடம் எழுந்து, இன்னொரு தட்டில் மருந்தே இல்லாமல் உப்பை மட்டும் அதிகமாகக் கலந்து ஊற்றினார். அதுவும் நரம்பானது.

முதல் முறை நான் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்ததால் தெரியாமல் போனது, உட்கார்ந்து பார்த்தபோது தெரிந்தது. அந்தச் செல்கள் கிளை விடவே இல்லை. சுருங்கின. அகலமாகப் பரவியிருந்த உடல் பயந்து உள்ளே இழுத்துக்கொண்டது. அடியில் ஒட்டியிருந்த இடங்கள் மட்டும் விட முடியாமல் மெல்லிய நூல்களாக நின்றன. பழவேற்காட்டு ஏரியில் தண்ணீர் வற்றும்போது பார்த்தவர்களுக்கு இது புரியும். ஓடை ஓடையாகக் கிளை பிரிந்த மரம்போலத் தெரியும். அங்கே எதுவும் முளைக்கவில்லை. தண்ணீர் போய்விட்டது, அவ்வளவுதான். எம்.டி. கதவு அளவுக்குப் பெரிதாக்கி மாட்டியது, சாகப் பயந்த செல்லின் படம்.

அதே காலத்தில் வேறு நாடுகளிலும் சிலர் இதையே கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர்களுக்கும் பிரியாணி கிடைத்ததா என்று தெரியாது.

எம்.டி.யிடம் போனோம். பெயர் எழுதாத இரண்டு புகைப்படங்களை மேடம் மேசையில் வைத்தார்.

“இதுல எது சார் நம்ம நரம்பு?”

எம்.டி. குனிந்து ஆராய்ந்து, ஒன்றின் மேல் விரலை வைத்தார். “இதும்மா. இதுலதான் ஜீவன் கீது.”

“அது எங்க அண்ணன் பையன் தோல் சார்.”

எம்.டி. விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். எந்த இடத்துத் தோல் என்று அவருக்கு யாரோ ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

விளக்கினோம். அவர் முகம் சிவந்தது. “சரி. நரம்பு இல்ல. ஸ்டெம் செல்லுதானே? ஊசி போட்டா கெடுதல் உண்டா?”

“தெரியாது சார்” என்றார் மேடம்.

“அப்போ கெடுதல் இல்ல.”

“தெரியாதுன்னா தெரியாதுன்னுதான் சார் அர்த்தம். இப்ப அந்தப் பையனுக்கு ரெண்டு கையும் நல்லா வேலை செய்யுது. அதுலதான் சாப்பிடறான். முதுகுல ஊசியப் போட்டு அதுவும் போச்சுன்னா? நான் இதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“இன்னாம்மா பேஜாரு பண்ற! லட்டு குடுத்துட்டேன் ஊரு பூரா!”

என்னை எம்.டி. பார்த்தார். “நைனா, நீ சொல்லு. நீதானே கண்டுபிடிச்ச?” என் நிரந்தரப் பதவி அந்த மேசை மேல், இரண்டு படங்களுக்கு நடுவே கிடந்தது. நான் வீரன் இல்லை. ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்ததைப் பார்க்காததாக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றும் இல்லை. “நானும் போட மாட்டேன் சார்” என்றேன். குரல் சரியாக வராததால் இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஆலையில் கம்பி ஓடிக்கொண்டிருந்தது. எம்.டி. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களிடம் அல்லாமல் ஜன்னலிடம் சொன்னார்: “ஒலைலேந்து வர்றப்போ எல்லாக் கம்பியும் செவப்பாதான் கீது. நல்லதா கெட்டதான்னு கலரு சொல்லாது.” பெருமூச்சு விட்டார். “போட்டோவ கழட்டுங்க. ஆனா அந்தப் பையன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் சொல்லிக்குங்க.”

தாஸிடம் முதலில் சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்தினார். “ஒரு வாட்டி போட்டுப் பாத்தா இன்னா சார்? போனா எங்களுக்குத்தானே போவுது. உங்களுக்கு இன்னா?” என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேடம், “தாஸ், தம்பிய கூட்டிட்டு வாங்க. அவரே பாக்கட்டும். பாத்துட்டு அவர் கேக்கறதுக்கு நான் பதில் சொல்றேன்” என்றார்.

ஆய்வகம் மாடியில். சேகரின் வண்டி ஏறாது. தாஸ் முதுகில் தூக்கி வருவதாகச் சொன்னார். மேடம் மறுத்துவிட்டார். மைக்ராஸ்கோப்பை ஓர் அங்குலம் நகர்த்தினாலே முகம் சுளிக்கிறவர், அதைத் தாமே கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு படி இறங்கி வந்து, வரவேற்பறை மேசையில் சேகரின் கண் உயரத்துக்கு வைத்தார். சுவரில் படம் இருந்த இடம் வெளுப்பாக இருந்தது.

இரண்டு தட்டுகளையும் காட்டினேன். சேகர் கண்ணை எடுக்காமல் பார்த்தான்.

“ரெண்டுல எது சார் நரம்பு?”

“ரெண்டும் இல்ல சேகர். இது கொடி செல். அது தோல்.”

“அப்போ இன்னா பண்ணிகினுகீது ரெண்டும்?”

“மருந்து ஒத்துக்கல. பயந்து சுருங்குது. நாங்கதான் நரம்புன்னு நெனச்சுட்டோம்.”

அவன் மறுபடி குனிந்தான். பக்கத்து ஆலையில் உருளை ஓட ஆரம்பித்தது. தட்டில் எல்லாம் நடுங்கியிருக்கும். தாஸ் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நானும் மேலேந்து வுழுந்தப்போ இதேமாரிதான் சார் சுருட்டிகினு கெடந்தேன்” என்றான் சேகர், கண்ணை எடுக்காமல். “ஒருத்தனும் இன்னா அழகாகீதுன்னு போட்டோ புடிச்சு மாட்டல.”

சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. மேடம்தான் முதலில் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். கண்ணைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது. பிறகு சேகரும் சிரித்தான். தாஸ் திரும்பவில்லை. ஆனால் அவர் தோள் குலுங்கியது. அது சிரிப்பு என்றே வைத்துக்கொண்டேன்.

“இந்தத் தோலு தட்டு வெக்கணும்னு யாரு சார் கேட்டது?”

“மேடம்.”

அவன் அவரைப் பார்த்துத் தலையசைத்தான். “நல்லா கேட்டீங்கம்மா.” வண்டியைத் திருப்பிக்கொண்டவன் வாசலில் நின்று, “சார், உன் போனு ரெடி. இன்னாதான் பண்ணுவியோ அத, வாரா வாரம்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் இல்லை. எம்.டி. அந்தச் சட்டத்தை வீணாக்காமல் அதே அளவில் பவானி அம்மன் படத்தைப் போட்டு மாட்டினார். வருகிறவர்கள் இப்போதும் செருப்பைக் கழற்றினார்கள், இந்த முறை காரணத்தோடு. நிரந்தர விஞ்ஞானிப் பதவி நிரந்தரமாக வரவில்லை. போஸ்ட்டாக் முடியும்வரை இருந்தேன். எது நரம்பு இல்லை என்பது பற்றி மேடமும் நானும் ஒரு சின்னக் கட்டுரை எழுதினோம். நன்றி சொல்லும் பகுதியில் தோல் தந்தவரின் பெயரைப் போட வேண்டாம் என்று அவருடைய அப்பா கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. இத்தனை வருடம் பாடம் நடத்தினேன். முதல் வகுப்பில் சாம்பார் கதையைச் சொல்வேன். மேடம் இப்போது வெளியூரில் பெரிய ஆய்வகம் ஒன்றின் தலைவர். பெருநாளுக்குச் செய்தி அனுப்புவார். “உங்க வீட்டு பிரியாணி மாதிரி வேற எங்கயும் இல்ல மேடம்” என்று எழுதினால், என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

சேகரின் கடை பெரிதாகிவிட்டது. ஆரம்பாக்கத்தில் வீடு கட்டினான், வாசலில் படிக்குப் பதில் சாய்தளம் போட்டு. நான் கல்லூரிக்குப் போன சில வருடங்களில் ஒரு நாள் அழைத்தான்.

“சார், பேப்பர்ல ஒரு வெளம்பரம். ஸ்டெம் செல்லாம், முதுகெலும்பாம், எய்ந்து நடக்கலாமாம். போட்டுகீறான்.”

“போன் பண்ணியா?”

“பண்ணேன் சார். மனசு கேக்கல. ஒரு பொண்ணு எடுத்துச்சு. நல்லா பேசிச்சு. எப்போ வர்றீங்கன்னு கேட்டுச்சு. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். ஏம்மா, இதே அடி பட்டு, ஊசி போடாத ஆளுங்க எப்டிகீறாங்கன்னு பாத்துகீறீங்களா? எதோட வெச்சுப் பாத்துட்டு இத நல்லதுன்றீங்க?”

“என்ன சொல்லிச்சு?”

“டாக்டர கேட்டுட்டு இந்த நம்பருக்கே கூப்புட்றேன்னுச்சு.”

அது பல வருடத்துக்கு முந்திய கதை. சால்வையும் கடிகாரமும் வாங்கிக்கொண்டு வந்த மாலை அவனுக்குப் போன் செய்தேன். இப்போதெல்லாம் என் போன் கெடுவதில்லை, சும்மாதான் பேசுவோம். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

“என்ன சேகர், டாக்டரக் கேட்டுட்டாங்களாமா?”

“இன்னும் கேட்டுகினேதான் கீறாங்க போல சார்” என்று சிரித்தான். பிறகு, “ஆனா நான் நம்பர மாத்தல சார். இந்தத் தொழில்ல இருந்துகினு மாசத்துக்கு ஒரு ஆஃபர் வருது, எத்தினியோ புது சிம்மு வந்துச்சு. இத மட்டும் மாத்தல. என்னிக்காச்சும் நெஜமாவே பாத்துட்டு ஒருத்தன் கூப்புடுவான்ல?”